மஞ்சள்தூளும் சிலிண்டரும்: ஒரு மனையியல் வகுப்பின் அனுபவங்கள்

மனையியல் பாடம் எடுக்க வரும் இளம் ஆசிரியர்கள் பலர் முதல் ஆண்டிலேயே சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். பாடம் அவர்களைச் சோர்வடையச் செய்வதில்லை. பள்ளிக்குள் அதற்குக் கிடைக்கும் இடம்தான் சோர்வடையச் செய்கிறது. கால அட்டவணையில் கடைசிப் பாடவேளை, ஆய்வுக்கூடம் என்ற பெயரில் ஒரு பழைய அறை, ஒற்றை அடுப்பு, நூல் அறுந்துகொண்டேயிருக்கும் ஒரு தையல் மெஷின், ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் "இன்னைக்கு என்ன சமையல்?" என்ற விசாரிப்பு. ஈரோடு மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவருகிறேன். இதன் மதிப்பை எடுத்துப் பேசி யாரையும் ஏற்க வைத்துவிட முடியாது என்பதும், வகுப்பில் கற்ற ஒன்றை வைத்து ஒரு மாணவி தன் வீட்டில் ஒரு முடிவை மாற்றிக் காட்டினால் அந்த வீடே நமக்காகப் பேசும் என்பதும் இந்த ஆண்டுகளில் நான் உறுதியாகக் கண்டுகொண்டவை. ஆகவே ஒவ்வொரு பாடத்தையும் தயாரிக்கும்போது, இந்த வாரம் இவள் வீட்டில் எதைச் சோதித்துப் பார்க்க முடியும் என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

உணவுக் கலப்படப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மஞ்சளைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியது குறைவு. பெற்றோரில் சிலர் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறார்கள். சிலர் அறுவடைக் காலத்தில் மஞ்சள் வேகவைத்துக் களத்தில் காயவைக்கப் போகிறார்கள். விரலி எது, கிழங்கு எது, எது நல்ல விலைக்குப் போகும் என்பதை அவர்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். ஈரோடு மஞ்சளுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது என்பதில் அவர்களுக்குப் பெருமையும் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைகளிடம் "கலப்படத்தைக் கண்டறியும் முறைகள் யாவை?" என்று கேட்டுப் புத்தகத்து விடையை எழுதச் சொல்வது அவர்கள் அறிவை வீணாக்குவதாகும்.

நான் செய்வது இது. கடையில் உதிரியாக விற்கும் தூள், பாக்கெட்டில் வரும் தூள், வீட்டில் இடித்த தூள் என மாணவிகளே கொண்டுவரும் மாதிரிகளைச் சிறு காகிதப் பொட்டலங்களில் மடித்து எண் மட்டும் இடுகிறோம். கடைப் பெயரும் நிறுவனப் பெயரும் எழுதுவதில்லை. முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் வெதுவெதுப்பான நீர் எடுத்து, மேலே ஒரு தேக்கரண்டித் தூளைத் தூவிவிட்டு, கலக்காமல் அப்படியே விட்டுவிட வேண்டும். நல்ல தூள் அடியில் படிந்து, நீர் வெளிர் மஞ்சளாகத் தெளிந்து நிற்கும். சாயம் கலந்த தூளாக இருந்தால் நீர் அடர்மஞ்சளாகவே இருக்கும். இதைப் பிள்ளைகள் தாங்களாகவே செய்யலாம். அடுத்த சோதனைக்கு வேதியியல் ஆசிரியரின் துணை வேண்டும். மெட்டானில் மஞ்சள் என்ற சாயத்தைக் கண்டறிய, மாதிரியில் சில துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட வேண்டும் என்பதால், அதை ஆசிரியர்தான் செய்துகாட்ட வேண்டும்.

அமிலத் துளி விழுந்ததும் ஒவ்வொரு மாதிரியும் இளஞ்சிவப்பாக மாறும். ஒரு முறை முன்வரிசையில் இருந்த மாணவி முகம் வாடி எழுந்து நின்று, "டீச்சர், அது எங்கம்மா உரல்ல இடிச்ச மஞ்சள். அதுலயுமா கலப்படம்?" என்று கேட்டாள். இந்தக் கேள்வி வரும்வரை காத்திருக்க வேண்டும். வராவிட்டால் வரவழைக்க வேண்டும். ஏனென்றால் மஞ்சளில் இயற்கையாக உள்ள நிறமியும் அமிலம் பட்டால் சிவக்கும். பிறகு எல்லா மாதிரிகளிலும் தண்ணீர் ஊற்றுகிறோம். அவளுடைய அம்மா இடித்த மஞ்சளில் சிவப்பு மறைந்துவிடுகிறது. சாயம் கலந்ததில் தண்ணீர் சேர்த்த பின்னும் நிற்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தூய மாதிரி இல்லாமல் எந்தச் சோதனையும் பொருள் தராது என்பதை எத்தனை வரி எழுதிப்போட்டாலும் இப்படி மனதில் நிறுத்த முடியாது. அன்றைய பாடவேளையின் மிச்ச நேரத்தில், சட்டையில் பட்ட மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் ஏன் சிவக்கிறது, வெயிலில் காயப்போட்டால் ஏன் மங்குகிறது என்று கேட்டால், துணிப் பராமரிப்புப் பாடமும் அதே மஞ்சளிலிருந்து தொடங்கிவிடும்.

இதில் ஓர் எச்சரிக்கை அவசியம். பள்ளியில் செய்யும் எளிய சோதனை சந்தேகத்தை எழுப்பும், குற்றத்தை நிரூபிக்காது. கடைப் பெயரைச் சொல்லாமல் எண் மட்டும் இடுவது அதனால்தான். சந்தேகம் உள்ள மாதிரியை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுத்து முறையாகப் பகுப்பாய்வு செய்யக் கேட்கலாம் என்பதையும், பாக்கெட்டில் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பார்ப்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிடுகிறேன். ஊரில் ஒரு சிறு கடைக்காரரின் பிழைப்பு நம் வகுப்பறை டம்ளரால் கெடக்கூடாது.

சமையலறைப் பாதுகாப்புப் பாடத்தில் சிலிண்டரை வகுப்புக்கே கொண்டுவந்து வைத்துவிடுவது நல்லது. ஒவ்வொரு சிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்கும் தகடுகளின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை, சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர் வரை, டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. எண் ஆண்டைக் குறிக்கும். 'பி 28' என்று இருந்தால் அந்தச் சிலிண்டர் 2028 ஜூன் மாதத்துக்குள் மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். வெற்றுச் சிலிண்டரின் எடையும் அதே இடத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். அது 15.9 கிலோ என்றால், வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்க வேண்டும் என்பதால், மொத்த எடை 30.1 கிலோ வர வேண்டும். கொண்டுவருபவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்ல நுகர்வோருக்கு உரிமை உண்டு. வால்வுக்குள் ரப்பர் வளையம் இருக்கிறதா, அடுப்புக்குப் போகும் டியூபில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும், கசிவு என்றால் 1906 என்ற எண்ணை அழைப்பதும் இதனுடன் சேரும். வகுப்பில் எல்லாரும் குனிந்து அந்த எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு, அன்றிரவு தங்கள் வீட்டுச் சிலிண்டரில் உள்ளதைக் குறித்துவரச் சொல்வேன். மறுநாள் காலை பிரார்த்தனைக்கு முன்பே என்னைத் தேடிவந்து காலக்கெடு முடிந்த சிலிண்டரைப் பற்றிச் சொல்லும் பிள்ளை அநேகமாக ஒவ்வோர் ஆண்டும் இருப்பாள். அதற்கு முன்பு அவள் வீட்டில் யாரும் அந்தத் தகட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நுகர்வோர் கல்விக்குப் பள்ளி வாசலில் உள்ள பெட்டிக்கடையே போதும். பெரிய பாட்டிலாக வாங்கினால் மலிவு என்று எல்லாரும் நம்புகிறோம். ஷாம்புவை எடுத்துக் கணக்குப் போட்டால் பல சமயம் அது பொய்த்துப்போகும். எடுத்துக்காட்டாக, 2 ரூபாய் பாக்கெட்டில் 6 மில்லி இருந்தால் ஒரு மில்லி 33 பைசா; 340 மில்லி பாட்டில் 200 ரூபாய் என்றால் மில்லிக்கு 59 பைசா வரும். இதே கணக்கை எண்ணெய்க்கும் சோப்புத்தூளுக்கும் போட்டால் விடை வேறுமாதிரி வரலாம். அளவுக்கேற்ற விலையைப் பொட்டலத்திலேயே அச்சிட வேண்டும் என்ற விதி இப்போது இருப்பதால் பிள்ளைகள் தங்கள் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளவும் முடிகிறது. பாக்கெட் மலிவு என்று முடிவு வந்த பிறகு, அந்தக் காலிப் பாக்கெட்டுகள் எங்கே போகின்றன என்று கேளுங்கள். சாக்கடை அடைப்பைப் பற்றி அவர்களே பேசுவார்கள். விலை மட்டுமே ஒரு பொருளின் செலவு ஆகாது என்ற இடத்துக்கு விவாதம் தானாக வந்துசேரும்.

புகார்க் கடிதம் எழுதும் பயிற்சியைக் கற்பனையாக வைக்காதீர்கள். உண்மையான பில், உண்மையான உத்தரவாத அட்டை, உண்மையான குறை ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு மாணவியின் வீட்டில் வாங்கிய மிக்சி உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே நின்றுபோய், கடைக்காரர் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார். வகுப்பில் நான்கு பேர் சேர்ந்து கடிதத்தைத் திருத்தித் திருத்தி எழுதினார்கள்: வாங்கிய நாள், பில் எண், குறை என்ன, என்ன பரிகாரம் வேண்டும், எத்தனை நாளுக்குள் வேண்டும். கோபமான வரிகளை எல்லாம் நீக்கச் சொன்னேன். கடிதத்தின் நகலைப் பில்லோடு வைத்துக் கொடுத்த பிறகு மோட்டார் மாற்றித் தரப்பட்டது. நடக்காமல் போயிருந்தால் அடுத்த படியும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதிடலாம். படிக்காத தாய்க்காகப் பதினாறு வயது மகள் எழுதிய கடிதம் அந்தக் குடும்பத்தில் அவளுடைய இடத்தையே மாற்றிவிட்டதை நான் கண்டேன்.

ஊட்டச்சத்துப் பாடம் இவை எல்லாவற்றையும்விடக் கவனம் கோருவது. நேற்று இரவு என்ன சாப்பிட்டாய் என்று வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் ஒருபோதும் கேட்காதீர்கள். உணவுக் குறிப்பேடு எழுதச் சொன்னால், ரசமும் சோறும் மட்டும் சாப்பிட்ட பிள்ளை காய், பருப்பு, பழம் என்று எழுதிக்கொண்டு வருவாள். அவள் பொய் சொல்லவில்லை. தன் வீட்டின் மானத்தைக் காக்கிறாள். அதற்குப் பதில் எல்லாருக்கும் பொதுவான ஒரு தட்டை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பள்ளி வளாகத்திலேயே சத்துணவு மையம் இருக்கிறது. அமைப்பாளரிடம் அனுமதி பெற்று, ஒருநாள் உணவை எடை போட்டு, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையை வைத்துக் கணக்கிடுகிறோம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். 100 கிராம் துவரம்பருப்பில் 20 கிராமுக்கு மேல். ஒரு குழந்தையின் தட்டில் விழும் சாம்பாரில் பருப்பு உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும்போது, முட்டையை ஏன் எல்லா நாளும் தருகிறார்கள் என்பது சொல்லாமலே விளங்கும். 1982 ஜூலை முதல் தேதி தொடங்கிய சத்துணவுத் திட்டத்தையும், அதற்கு முன்பு காமராசர் காலத்தில் வந்த மதிய உணவையும் வரலாற்றுப் பாடமாக அல்லாமல் கணக்குப் பாடமாக அன்று படிக்கிறோம்.

இரத்தசோகையைப் பற்றிப் பேசாமல் பெண் பிள்ளைகளுக்கு மனையியல் நடத்த முடியாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டிலும் பாதிப் பேருக்கு மேல். பள்ளியில் வாரந்தோறும் தரும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் சிலர் வாயில் போடுவதுபோலக் காட்டிவிட்டுத் தோட்டத்தில் வீசிவிடுவார்கள். அவர்களைக் கண்டிப்பதைவிட, ஏன் வீசுகிறார்கள் என்று கேட்பது பயன் தரும். குமட்டல் வருகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயப்படுகிறார்கள். மலம் கறுப்பது இயல்பானது என்பதையும், சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும் என்பதையும், மாத்திரையோடு டீ குடித்தால் இரும்பு உடலில் சேர்வது குறையும் என்பதையும், நெல்லிக்காயோ எலுமிச்சையோ இரும்பு சேர உதவும் என்பதையும் யாரும் அவர்களிடம் பொறுமையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நாம் சொல்லலாம். ஆண் ஆசிரியர்களும் கடந்துபோகும் தாழ்வாரத்தில் சொல்லாமல், நம் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சொல்ல வேண்டும்.

நம் பாடத்துக்கு ஆழமான வேர் உண்டு என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எங்கள் ஊரிலிருந்து மலையேறினால் வரும் குன்னூரில்தான் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், பி1 உயிர்ச்சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு கூடத்தைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், மேலே சொன்ன தேசிய நிறுவனமானது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை அவர் ஒப்பிட்டபோது, கோதுமையும் பாலும் சேர்ந்த பஞ்சாப் உணவு முதலிடத்திலும் சென்னை மாகாணத்துச் சோற்றுணவு கடைசியிலும் வந்தன. இதைக் கேட்டதும் வகுப்பு கொதித்தெழும். அப்போது புழுங்கல் அரிசியைப் பற்றிச் சொல்வேன். நெல்லை உமியோடு வேகவைக்கும்போது பி1 உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதால், தீட்டிய பச்சரிசியை விடப் புழுங்கலில் அது மிகுதியாக எஞ்சுகிறது. நம் முன்னோர் நெல் புழுக்கியது பெரிபெரியைத் தள்ளிவைத்தது. இந்தத் துறைக்கு அமெரிக்காவில் அடித்தளமிட்ட எலன் ரிச்சர்ட்ஸ், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1873இல் பட்டம் பெற்ற முதல் பெண். குடிநீரையும் உணவுக் கலப்படத்தையும் ஆராய்ந்த வேதியியலாளர். டம்ளரில் மஞ்சள்தூளைத் தூவிப் பார்க்கும் என் மாணவிகள் அவர் செய்த வேலையைத்தான் தொடர்கிறார்கள்.

துணி இழைப் பாடத்தில் பிள்ளைகளின் தகப்பனார்கள் நமக்கு ஆசிரியர்களாகிவிடுவார்கள். தையல்கடையில் கழித்துப்போட்ட துண்டுத் துணிகளிலிருந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டின் மேல் மெழுகுவர்த்தியில் காட்டுகிறோம். பருத்தி காகிதம் கருகும் வாசனையோடு எரிந்து மென்சாம்பலாகும். பட்டு, முடி கருகும் நாற்றத்தோடு சுருண்டு, நசுக்கினால் தூளாகும் கறுப்பு மணியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான முத்தாக நிற்கும். ரேயான் மட்டும் பருத்தியைப் போலவே எரிந்து ஏமாற்றிவிடும், ஏனென்றால் இரண்டும் செல்லுலோஸ்தான். பவர்லூம் ஓட்டுகிற ஒருவரின் மகள் தன் அப்பாவிடம் கேட்டுவந்து சொன்னாள்: நூலை நாக்கில் நனைத்து இழுத்தால் ரேயான் சட்டென்று அறும், பருத்தி நனைந்தால் இன்னும் உறுதியாகும். அன்று முதல் அந்தச் சோதனையையும் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறோம், நாக்குக்குப் பதில் தண்ணீர் தொட்டு.

வசதிக் குறைவைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்பது பேருக்கு ஓர் அடுப்பு என்றால் எல்லாரும் சமைக்க முடியாது, சமைக்கவும் வேண்டாம். ஐந்தைந்து பேராகப் பிரித்து, அளப்பவர், சமைப்பவர், செலவுக் கணக்கு எழுதுபவர், கவனித்துக் குறிப்பெடுப்பவர், பாத்திரம் கழுவி இடத்தைச் சுத்தம் செய்பவர் என்று பொறுப்பைச் சுழற்றிவிட்டால் ஒவ்வொருவரும் ஐந்து வேலையையும் கற்பார்கள். துல்லியமான தராசை வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கடன் வாங்குங்கள். அளவைக் கோப்பைகள் இல்லாவிட்டால், வீட்டு டம்ளரையும் ஆழாக்கையும் அளவு உருளையால் அளந்து எத்தனை மில்லி என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டில் பயன்படப்போவது அந்த டம்ளர்தான். மெஷின் பழுதுக்கும் சில்லறைச் செலவுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கேட்கும்போது, வெறுங்கையோடு போகாமல் மாணவிகளின் மஞ்சள் சோதனைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போங்கள். குழுவில் உள்ள தாய்மார்கள் அதைப் புரட்டிப் பார்த்த பிறகு பணம் எங்கிருந்து வரும் என்று அவர்களே யோசிப்பார்கள்.

இருபாலர் பள்ளியில் பணியாற்றியபோது மதிய இடைவேளையில் பையன்களுக்கும் பட்டன் தைக்கவும் காஜா பிரிந்தால் சரிசெய்யவும் கற்றுக்கொடுத்தேன். வெளியூர் விடுதிக்கோ திருப்பூர் வேலைக்கோ போகப்போகிற பிள்ளைகள் அவர்கள். கூச்சம் முதல் வாரத்தோடு போய்விடுகிறது. இதைத் தலைமையாசிரியரிடம் பெரிய திட்டமாகச் சொல்லி அனுமதிக்குக் காத்திராமல், ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு தொடங்கிவிடுவது நல்லது.

கடைசியாக, மாணவர் சேர்க்கை. பதினோராம் வகுப்பில் மனையியல் பிரிவைப் பலர் மற்ற பிரிவுகளில் இடம் கிடைக்காமல்தான் எடுக்கிறார்கள். அந்த எண்ணத்தை ஜூன் மாதத்தில் மாற்ற முயல்வது தாமதம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஜனவரியிலேயே நம் அறைக்கு அழைத்து ஒரு சோதனையை அவர்கள் கையால் செய்ய வைக்க வேண்டும். இதைப் படித்தால் ஊட்டச்சத்தியல், உணவு அறிவியல், ஆடை வடிவமைப்பு, குழந்தை வளர்ச்சி ஆகியவற்றில் பட்டம் படிக்கலாம் என்பதையும், 1957இல் கோவையில் மனையியல் கல்லூரியாகத் தொடங்கிய அவினாசிலிங்கம் இன்று பல்கலைக்கழகமாக இருப்பதையும், அதை வளர்த்த ராஜம்மாள் தேவதாஸ் ஊட்டச்சத்து அறிஞராகப் பத்மஸ்ரீ பெற்றதையும் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது என்பதைப் பெற்றோரிடமும் தெரிவியுங்கள். கல்லூரியில் படிக்கும் நம் பழைய மாணவி ஒருத்தியைப் பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதே கேட்டுவைத்து, அந்த வகுப்புக்கு வந்து பேச வைத்தால் நாம் சொல்ல வேண்டியதில் பாதியை அவளே சொல்லிவிடுவாள். அவள் சோதனையையும் செய்துகாட்டட்டும்; மாதிரிகளையும் அமிலப் புட்டியையும் முந்தின நாளே வேதியியல் ஆசிரியரிடம் சொல்லி எடுத்துவைத்துவிடுங்கள்.